இரண்டு கடைகளுக்கு நடுவே ஏழுமலையின் கண்

மூக்குக்கண்ணாடிக் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இன்றைக்கு மெஷின் வந்துவிட்டது. தாடையை வைக்கச் சொல்கிறீர்கள், உள்ளே பலூன் படம் தெரிகிறது, சீட்டு வந்து விழுகிறது. எங்கள் காலத்தில் அந்தச் சீட்டு எங்கள் விரல் நுனியில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லென்ஸைக் கையில் பிடித்து ஜன்னல் கம்பிக்கு நேரே ஆட்டுவேன். கம்பி எதிர்ப்பக்கம் ஓடினால் பிளஸ், கூடவே வந்தால் மைனஸ். ஓடுகிற வேகத்தைப் பார்த்துக் கால் பாயிண்ட் பிசகாமல் நம்பர் சொல்வேன். டாக்டர்களே ஆள் அனுப்பிச் சரிபார்த்துக்கொண்டது உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

விழுப்புரத்தில் ரயிலடிப் பக்கம் ஒரு லென்ஸ் பட்டறையில் எட்டு வருஷம் தேய்த்தேன். பிறகு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற ஒரு ட்ரையல் பெட்டியும் ஒரு பெஞ்சுமாகத் திண்டிவனத்துக்கு வந்து கடை போட்டேன். பெயிண்டர் ஒருவனைப் பிடித்து பலகையில் இரண்டு பெரிய கண்களை வரையச் சொன்னேன். 'கண்ணு போட்ட கடை' என்றால் வல்லத்திலிருந்து வருகிறவனுக்கும் தெரியும், கிளியனூரிலிருந்து வருகிறவனுக்கும் தெரியும். பதினோரு வருஷம் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் நடுவில் எதிர்ச்சாரியில் சுகுமார் கடை திறந்தான். முப்பது வயதுகூட ஆகாத பையன். கண் பார்க்கிறதற்கென்றே இரண்டு வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கி, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். சுற்றுகிற நாற்காலி, தள்ளித் திறக்கிற கண்ணாடிக் கதவு, கண்ணுக்குள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்கிற ஒரு கருவி. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் தாம்பூலத் தட்டோடு என் கடைக்கு வந்தான்.

"அண்ணா, நீங்க வந்து வெளக்கேத்தி வெக்கணும். இந்தத் தெருவுல நீங்கதான் பெரியவரு."

எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காய்ச்சல் இல்லாமலே கடையில் உட்கார்ந்து, அங்கே யார் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை எது எரித்தது தெரியுமா? அவனுடைய படிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவன் கடை வாசலில் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. தரை பளபளவென்று இருந்தது, கழற்றினார்கள். என் கடைக்குள் களத்துமேட்டுச் சேற்றோடு வந்து பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நான் அங்கிருந்தே எதிர்வாசல் செருப்புகளை எண்ணுவேன். நாலு ஜோடி, ஆறு ஜோடி. லென்ஸ் தேய்க்கும்போதும் எண்ணுவேன், சாப்பிடும்போதும் எண்ணுவேன்.

ஐப்பசியில் ஒரு நாள் அந்த வாசலில் ஏழுமலையின் செருப்பைப் பார்த்தேன். வார் அறுந்து, நீல நூலால் தைத்த செருப்பு. ஏழுமலை டெய்லர். வீடு கிளியனூர், கடை திண்டிவனத்தில், என் கடையிலிருந்து நாலு வாசல் தள்ளி. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று முதன்முதலில் என்னிடம்தான் வந்தான், கிட்டத்தில் பார்ப்பதற்குப் பிளஸ் கண்ணாடி போட்டுவிட்டேன். என் சட்டை எல்லாம் அவன்தான் தைப்பான். அப்படிப்பட்டவன் அங்கே போனானே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். தீபாவளித் தையல் நெருக்கடியில் அவனுக்குத் தூரத்துப் பார்வை மங்கிவிட்டது. பஸ் போர்டு தெரியாமல் இரண்டு நாள் கிளியனூர் பஸ்ஸை விட்டுவிட்டான். அதிசயம் என்னவென்றால், ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு நான் கடையைப் பூட்டிவிட்டு உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அவன் எதிர்க் கடைக்குப் போய்விட்டான். திரும்பி வந்த நான் வாசலில் செருப்பைத்தான் பார்த்தேன், காரணத்தைப் பார்க்கவில்லை. சுகுமார் அவனுக்குத் தூரத்துக்கு மைனஸ் ஒன்றேகால் போட்டுக் கொடுத்தான்.

கார்த்திகைக் கடைசியில் ஏழுமலை அந்தக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"இன்னாண்ணா இது, இதப் போட்டா தரை பள்ளமா தெரியுது. படி எறங்கவே பயமா கீது."

யார் போட்டது என்று தெரிந்துகொண்டே கேட்டேன். "யாருப்பா போட்டது?"

"எதிர்க்கட தம்பிதான்."

"ஓ... படிச்சவரா!"

ட்ரையல் ஃபிரேமை மாட்டிப் பார்த்தேன். தூரத்துக்கு மைனஸ் தேவையே இல்லை. பழையபடி கிட்டத்துக்குப் பிளஸ்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும்! கடையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சுகுமாரின் லென்ஸை எடுத்து ஜன்னல் கம்பிக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். "பாருங்கய்யா, பிளஸ்காரனுக்கு மைனஸ் போட்டுக் குடுத்துகிறான். இதுக்கு ரெண்டு வருசம் படிப்பு!" பிறகு டீக்கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன், பஸ் ஸ்டாண்டில் பழக்காரம்மாவிடம்கூடச் சொன்னேன். நம்பரோடு சொன்னேன். அந்த வாரம் எனக்குத் தீபாவளி மறுபடியும் வந்த மாதிரி இருந்தது.

எதிர்க் கடைக்குப் போனதற்கும் என்னிடம் வந்ததற்கும் இடையில் ஏழுமலை கண்ணுக்காக மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அமாவாசை வரைக்கும் ஒரு வேளை கேப்பைக் கூழோடு இருந்தான். டீயைத் தொடவில்லை. இதை அவன் என்னிடம் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. என் கண்ணாடியைப் பற்றி அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கத்தான் என் காது இருந்தது.

மார்கழியில் பொங்கல் துணி குவிந்தது. ஏழுமலை மிஷினை விட்டு எழாமல், டீயும் பன்னுமாகத் தைத்துக்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம் வந்தான். முகத்தில் சுகுமார் போட்ட கண்ணாடி.

"கோச்சிக்காதீங்கண்ணா. இப்ப இதுதான் சரியா கீது. நீங்க போட்டது இல்லாமலே ஊசி கோக்கிறேன். இதப் போட்டா பஸ் போர்டு தெரியுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு உச்சியில் நெருப்பு வைத்தது போல் இருந்தது. மறுபடி பரிசோதித்தேன். எனக்கும் மைனஸ் ஒன்றேகால்தான் வந்தது. இரண்டு தடவை பார்த்தேன், அதேதான். இனி நான் செய்ததைக் கேளுங்கள், உங்களில் யாரும் செய்துவிடாதீர்கள். அவன் நம்பரையே நானும் எழுதினால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று, ஒன்றரை என்று எழுதினேன். கால் பாயிண்ட் கூட்டிப் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அடுத்தவன் கண்ணில் என் வீம்பை மாட்டிவிட்டேன்.

அவன் உட்கார்ந்திருந்த நேரத்தில் என் கடைப் பானையில் இருந்து நாலு சொம்புத் தண்ணீர் குடித்தான்.

"பானையையே தூக்கிக்கினு போயிடேன்" என்றேன்.

"நாக்கு ஒட்டிக்குதுண்ணா. வெயிலும் இல்ல, ஒன்னும் இல்ல. இதப் பாருங்க, என் சட்டையையே ரெண்டு தடவ புடிச்சித் தச்சிட்டேன். ஊரான் சட்டைக்கு அளவு எடுத்து எடுத்து நான் எளச்சிட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொங்கல் முடிந்த நாலாம் நாள் சுகுமார் தெருவைத் தாண்டி வந்தான். என் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அங்கே அதுவரை யாரும் கழற்றியதில்லை. அதுவும் எனக்குக் குத்திக்காட்டுவது போலத்தான் பட்டது.

"அண்ணா, அஞ்சு நிமிசம் பேசணும். ஏழுமலை விசயம்."

"சொல்லு."

"ஐப்பசியில நான் பார்த்தப்ப மைனஸ் ஒன்னேகால். கார்த்திகையில நீங்க பார்த்தப்ப மைனஸே இல்ல. மார்கழியில மறுபடியும் மைனஸ். நான் பார்த்ததும் சரி, நீங்க பார்த்ததும் சரிண்ணா. அவரு கண்ணுதான் ஒரு எடத்துல நிக்காம ஆடுது. ரத்தத்துல சக்கரை ஏறி எறங்கினா நம்பரும் இப்பிடி ஆடும். சக்கரையா இருக்கும்னு நெனைக்கிறேன். ஒரு தடவ ஒன்னுக்கு டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும்."

"என் நம்பர் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கடத்தெரு பூரா நீங்கதான சொன்னீங்க. அத வெச்சித்தான் கண்டுபுடிச்சேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவருகிட்ட சொல்லிட்டேன். அண்ணன ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன்னாரு. நீங்க போன்னா போவாரு" என்றான்.

அவன் சக்கரை என்று சொன்ன அந்த நொடியிலேயே எனக்கு விழுப்புரத்துப் பட்டறை முதலாளியின் குரல் கேட்டது. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாத மனுஷர் அவர். நம்பர் ஒரு மாசத்துக்குள் இப்படியும் அப்படியும் ஆடினால் கண்ணாடி போடாதே, முதலில் சிறுநீரைச் சோதிக்க அனுப்பு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். விழுப்புரத்தில் இருந்தபோது அப்படி இரண்டு பேரை நானே அனுப்பியிருக்கிறேன். தண்ணீர்த் தாகம், இளைத்த உடம்பு, ஆடுகிற நம்பர். எல்லாம் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, என் பானையிலேயே குடித்துவிட்டுப் போயிருக்கிறது. யாராவது ஒரு வாடிக்கையாளர் இதைச் சொல்லியிருந்தால் 'அட, ஆமாம்' என்று எழுந்திருப்பேன். சொன்னவன் சுகுமார். அவன் வாயிலிருந்து வந்ததால் அது எனக்கு உண்மையாக இருக்கக் கூடாததாகிவிட்டது.

"உன் கண்ணாடி சரியில்லன்னு வந்தவனுக்கு வியாதின்னு பேரு வெக்கிறியா? நல்ல தொழில்டா இது" என்றேன்.

அவன் முகம் சிவந்தது. "என்னை என்ன வேணா திட்டுங்கண்ணா. அவர மட்டும் அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் ஏழுமலை வந்தான்.

"எனக்குச் சக்கரையாமேண்ணா? அந்தத் தம்பி சொல்லுது."

"உனக்கா? நாள் பூரா மிஷின் மிதிக்கிற காலு. அதுல சக்கரை எங்கடா தங்கும்? ஓடியே கரைஞ்சிருக்கும்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பாரம் இறங்கினவன் சிரிக்கிற சிரிப்பு. "அதான பார்த்தேன். நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போனான்.

சொன்னது இவ்வளவுதான். வேறொரு பாவமும் செய்யவில்லை. இது போதும்.

சித்திரையில் ஒரு காலை, கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். ஏழுமலையின் மனைவி அஞ்சலை அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள்.

"ண்ணா, காலையில எழுந்ததுல இருந்து ஒரு கண்ணு தெரியலன்றாரு."

"நேத்து ஒரு கறுப்புப் பூச்சி ஓடற மாதிரி இருந்துச்சி" என்றான் ஏழுமலை. "தூசின்னு கசக்கி உட்டேன். இன்னிக்கி எடது கண்ணுல செவப்பா ஒரு படுதா உழுந்துடுச்சிண்ணா."

பெஞ்சில் உட்கார வைத்து வலது கண்ணை மூடினேன். இடது கண்ணுக்கு முன்னால் விரலைக் காட்டினேன். தெரியவில்லை. கையை ஆட்டினேன். "ஏதோ நெழல் போவுது" என்றான். ட்ரையல் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு லென்ஸாகப் போட்டேன். பிளஸ் போட்டேன், மைனஸ் போட்டேன், பெட்டியில் அடியில் கிடந்த பெரிய நம்பர் எல்லாம் போட்டேன். லென்ஸ் ஃபிரேமில் பட்டுச் சத்தம் போட்டது அவனுக்கே கேட்டிருக்கும்.

"பரவால்லண்ணா, மெதுவா பாருங்க. உங்களுக்கு ஆவாதது ஒன்னும் இல்ல" என்றான்.

பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் இந்த மாதிரி ஒரு நிமிஷம் வரும். என் நாக்கு நுனியில் ஒரு வார்த்தை தயாராக நின்றது: 'சித்திரைச் சூடுப்பா, நாமக்கட்டி பத்து போடு, ரெண்டு நாள்ல இறங்கிடும்.' சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அஞ்சலையையும் நம்ப வைத்திருப்பான். என் கௌரவம் இரண்டு நாளைக்குப் பிழைத்திருக்கும். எதிர்ச்சாரியில் சுகுமார் அப்போதுதான் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் நிற்பதைவிட என் கடையை இழுத்து மூடுவது மேல் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது.

ஃபிரேமைக் கழற்றினேன். "எழுந்திரு" என்றேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன், அஞ்சலையும் கூட வந்தாள். சலூன்காரன் பார்த்தான், டீக்கடைக்காரன் பார்த்தான். நான் யாரைப் பற்றி அவர்களிடம் சொல்லிச் சிரித்தேனோ, அவன் வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"சுகுமாரு, கொஞ்சம் பாருப்பா" என்றேன். முதல் தடவையாக அவன் பெயரை அன்றைக்குத்தான் சொன்னேன்.

அவன் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். ஏழுமலையைச் சுற்றுகிற நாற்காலியில் உட்கார வைத்தான். இடது கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். பிறகு வலது கண்ணை, அதைவிட நிறைய நேரம் பார்த்தான்.

"எடது கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குதுண்ணா. வலதுலயும் ஆரம்பம் தெரியுது. இன்னிக்கே பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நாளைக்கின்னு வெக்காதீங்க."

ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'தையிலயே சொன்னேனே' என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். அஞ்சலை முன்னால் சொல்லட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று உடம்பைத் திடப்படுத்திக்கொண்டேன். அவன் சொல்லவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பாத்து எறங்குங்க" என்று மட்டும் சொன்னான். வெட்கத்தைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு அவன் மேல் பொறாமைதான் வந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருக்கிற குணமும் அவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது.

பாண்டிச்சேரிக்கு நானும் கூடப் போனேன். அங்கே சோதித்தார்கள். சக்கரை தாறுமாறாக இருந்தது. பல வருஷமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் தனியாகப் போய், தை மாசமே கூட்டிவந்திருந்தால் இடது கண் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "தப்பியிருக்கும்னும் சொல்ல முடியாது, தப்பியிருக்காதுன்னும் சொல்ல முடியாது. சீக்கிரம் வந்திருந்தா நல்லதுதான்" என்றார். அந்தப் பதிலோடுதான் இத்தனை வருஷமும் இருக்கிறேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்க முடியாத பதில் அது.

இடது கண் திரும்பவில்லை. ஊசியும் மாத்திரையும் கொடுத்து, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். சக்கரை அடங்கினதும் நம்பரும் ஒரு இடத்தில் நின்றது. அந்தக் கடைசிக் கண்ணாடியைச் சுகுமாரிடமே போட்டுக்கொள் என்று ஏழுமலையிடம் சொன்னேன். கேட்கவில்லை. என்னிடம்தான் போட்டுக்கொண்டான். இந்தத் தடவை வந்த நம்பரை வந்தபடியே எழுதினேன்.

அடுத்த கடையில் போட்ட நம்பரும் உங்கள் நம்பரும் ஒத்துப்போகாவிட்டால் சிரிக்காதீர்கள். வாடிக்கையாளரை நிதானமாக உட்கார வைத்து, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார், உடம்பு இளைத்ததா, கண்ணாடி எந்த மாசத்தில் சரியாக இருந்தது, எந்த மாசத்தில் ஆகவில்லை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்புங்கள். இது தெரியாமல் தப்பு செய்கிறவர்களுக்கு. தெரிந்தே செய்கிறவனுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழுமலை திரும்பக் கடை திறந்தான். ஒற்றைக் கண்ணோடு வெட்டும் வேலையும் மிஷின் வேலையும் பார்த்தான். பக்கத்தில் அஞ்சலை உட்கார்ந்து பட்டன் கட்டுவாள். வருகிறவர்களிடமெல்லாம் அவன் ஒரே கதையைச் சொல்வான்: "அண்ணன் கையப் புடிச்சி இட்டுக்கினு போவலன்னா இந்தக் கண்ணும் போயிருக்கும். தன் கடைய தொறந்தபடி உட்டுட்டு வந்தாரு." ஊர் முழுக்க எனக்கு நல்ல பெயர். அதைக் கேட்கிறவர்களில் சுகுமாரும் இருப்பான். கேட்டுவிட்டுத் தன் கடைக்குப் போய்விடுவான்.

ஆடி மாசத்தில் ஒரு நாள் சட்டை அளவு கொடுக்கப் போனேன். கடையில் அவர்கள் இருவரும்தான் இருந்தார்கள். அவன் என் தோளுக்கு டேப்பைப் பிடித்து, வலது கண்ணைக் கிட்டக் கொண்டுவந்து அளவைப் படித்தான். எனக்குத் தாங்கவில்லை.

"ஏழுமல, நான்தான் காப்பாத்தினேன்னு சொல்றத உட்டுடு. தையிலயே அந்தப் பையன் சொன்னான். நான்தான் ஒன்னும் இல்லன்னு உன்னத் திருப்பி அனுப்பிச்சேன்."

"அது எனக்குத் தெரியாதாண்ணா? என்கிட்டதான சொன்னீங்க" என்று சிரித்தான். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "அந்தத் தம்பி படிச்சவரு, அவருக்குத் தெரிஞ்சிது. நீங்க படிக்காதவரு. உங்களுக்கு எப்பிடிண்ணா தெரியும்? தெரிஞ்சிருந்தா சொல்லாம இருந்திருப்பீங்களா?"

பட்டன் கட்டிக்கொண்டிருந்த அஞ்சலை கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

படித்தவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று அந்தத் தெருவில் பதினோரு வருஷம் மார்தட்டியவன் நான். எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமாம்ப்பா" என்றேன். "நான் படிக்காதவன்தான."